ஒன்பது அங்கம், ஒரு முத்தம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகள் வான்கூவரில் திரைக்கதை படிக்கிறாள். அமெரிக்காவின் ஹால்மார்க் சேனலில் வருவது போன்ற கிறிஸ்துமஸ் காதல் படம் ஒன்றை எழுதச் சொல்லி வகுப்பில் வேலை கொடுத்திருக்கிறார்களாம். அது என்னவென்று தெரிந்துகொள்ள நானும் மனைவியும் பத்துப் பன்னிரண்டு படங்களை ஓடிடியில் பார்த்துவிட்டோம். பெருநகரத்தில் வேலை பார்க்கும் பெண் ஒரு சிற்றூருக்கு வருகிறாள். அங்கே மனைவியை இழந்த ஒருவர், அவருக்கு ஒரு சின்னப் பெண், மூடப்போகிற விடுதியோ பேக்கரியோ ஒன்று. கடைசியில் பனி, முத்தம். நடுவில் ஒருமுறை முத்தமிடப் போவார்கள், சரியாக அப்போது யாராவது கதவைத் தட்டுவார்கள். பனியோ தலையணைப் பஞ்சு மாதிரி இருக்கிறது. ஆனாலும் ஒவ்வொரு படத்திலும் என் மனைவிக்குக் கண் கலங்கிவிடுகிறது.

எல்லாம் ஒரே கதை. இதில் மகள் எழுத என்ன இருக்கிறது?

அன்புடன்,
வி.ரா., மதுரை

அன்புள்ள வி.ரா.,

எழுத நிறைய இருக்கிறது. கதை ஒன்றுதான் என்பதும் உண்மை. பாஞ்சாலி கடைசியில் கூந்தல் முடிவாள் என்று தெரிந்துதான் விடிய விடியக் கூத்துப் பார்க்கிறோம். அன்றைக்குத் துச்சாதனன் எப்படி வந்தான், கட்டியங்காரன் என்ன பேசினான் என்பதுதான் மறுநாள் டீக்கடைப் பேச்சு. இந்தப் படங்களுக்கும் ஆட்கள் அப்படித்தான் வந்து உட்காருகிறார்கள். அதனால் மகள் கதையை மாற்றிப்போட மெனக்கெட வேண்டாம். இந்த வடிவம் ஏன் இப்படி அமைந்தது என்று முதலில் தெரிந்துகொள்ளட்டும். பிறகு ஒவ்வொரு காட்சிக்குள்ளும் உண்மையான ஒரு வேலையை வைக்கட்டும்.

முத்தம் ஏன் அவ்வளவு தள்ளிப் போகிறது? விளம்பர இடைவேளைதான் காரணம். இந்தப் படங்கள் இரண்டு மணி நேர ஸ்லாட்டுக்காக எடுக்கப்படுபவை. படம் சுமார் 84 நிமிடம், மிச்சம் விளம்பரம். நடுவே எட்டு இடைவேளை வருவதால் திரைக்கதையை ஒன்பது அங்கமாகப் பிரித்து எழுதுவார்கள். முதல் அங்கம்தான் நீளம், 18 முதல் 20 நிமிடம் வரை போகும். ரிமோட்டைக் கையில் வைத்திருப்பவர் ஊரையும் ஆட்களையும் பிடித்துப்போய் உட்கார்ந்துவிட வேண்டும், அதற்குள் விளம்பரம் வந்துவிடக் கூடாது. அதன்பின் ஒவ்வொன்றும் எட்டு ஒன்பது நிமிடம், முடிவை நெருங்க நெருங்க இன்னும் குறுகும். ஒவ்வொரு அங்கமும் ஒரு கேள்வியில் நிற்க வேண்டும். நீங்கள் இடைவேளை இல்லாமல் பார்த்திருக்கிறீர்கள். சில நிமிடங்களுக்கு ஒருமுறை கதை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது போலத் தோன்றியிருக்குமே, அங்கெல்லாம் விளம்பரம் இருந்தது.

முத்தம்தான் இந்தப் படத்தின் கடைசிக் கேள்வி. அதற்கு ஐந்தாம் அங்கத்தில் விடை சொல்லிவிட்டால் ஆறாம் அங்கத்துக்கு ஆள் இருக்காது. அதனால் ஆறாம் அங்கத்தை ஒட்டி ஒரு ‘கிட்டத்தட்ட முத்தம்’, எட்டாம் அங்கத்தின் முடிவில் ஒரு பிரிவு, ஒன்பதாவதில் விரைவான சேர்க்கை. ஒரு வார்த்தையும் எழுதுவதற்கு முன்பே இந்த இடங்கள் குறிக்கப்பட்டுவிடுகின்றன.

அடுத்தது நாள் கணக்கு. படப்பிடிப்பு பெரும்பாலும் 15 நாள். திரைக்கதை 100 பக்கம் என்றால் நாளுக்கு ஏறக்குறைய ஏழு பக்கம் எடுத்தாக வேண்டும். பெரிய பட்ஜெட் சினிமாவில் இரண்டு மூன்று பக்கம் நகர்ந்தாலே நல்ல நாள். இரண்டு பேர் கையில் காபிக் கோப்பையோடு கடைத்தெருவில் பேசிக்கொண்டே நடக்கும் காட்சி இத்தனை வருவது இதனால்தான். அதை ஒரே ஓட்டத்தில் எடுத்து முடித்துவிடலாம். (கோப்பை காலி என்பது அதைத் தூக்கும் விதத்திலேயே தெரிந்துவிடும். பாதி அளவு தண்ணீர் ஊற்றிக் கொடுத்தால் போதும். இவ்வளவு சின்னக் காரியத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு உண்மையிலேயே வருத்தம்.)

இந்தக் கணக்கு எழுதுகிறவரின் கையையும் கட்டும். முக்கிய இடங்கள் மூன்று நான்குக்கு மேல் போகக் கூடாது: ஒரு சமையலறை, ஒரு கடை, ஊர்ச் சதுக்கம், ஒரு வீட்டுக் கூடம். ஒரு வரி பேசினாலும் அந்த நடிகருக்குச் சம்பளம் வேறு. “இதோ உங்கள் காபி” என்று சர்வர் சொல்ல வேண்டியதில்லை, தலையசைத்து வைத்துவிட்டுப் போகலாம். குழந்தை நடிகர்கள் வேலை செய்யும் நேரத்துக்குச் சட்டத்தில் வரம்பு உண்டு. அந்தச் சின்னப் பெண்ணை இரவுக் காட்சிகளில் நிறைய எழுதினால் தயாரிப்பு நிர்வாகி முதலில் அந்தப் பக்கங்களைத்தான் வெட்டுவார். பனிச்சறுக்கு அரங்கக் காட்சி எல்லோருக்கும் ஆசை. அரங்க வாடகை, டூப், விழுந்தால் காயம் என்று அது ஒரு முழு நாளைத் தின்றுவிடும். பனியுருண்டை எறிந்து விளையாடும் காட்சி அதே நெருக்கத்தை அரை நாளில் தரும்.

இவற்றில் பெரும்பகுதி கனடாவில் எடுக்கப்படுகிறது. கதை அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் நடக்கும், தெரு பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஃபோர்ட் லாங்லியாகவோ ஒன்டாரியோவின் ஆல்மான்ட்டாகவோ இருக்கும். வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால், கனடியர்களுக்குக் கொடுக்கும் சம்பளத்தில் 16 சதவீதத்தை மத்திய அரசு வரிச்சலுகையாகத் திருப்பித் தருகிறது. மாகாணம் அதற்கு மேல் தன் பங்கைத் தரும். டாலர் மாற்று விகிதமும் சாதகம். வான்கூவரிலிருந்து ஃபோர்ட் லாங்லி பக்கம்தான். மகள் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், அந்தத் தெருவில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடக்க எத்தனை நிமிடம் என்று பார்த்துவிட்டு வரட்டும். நடந்துகொண்டே பேசும் காட்சியின் நீளம் அதுதான்.

உங்கள் பஞ்சுப் பனிக்கு வருகிறேன். சீசன் அக்டோபரிலேயே தொடங்கிவிடுவதால் பல படங்களைக் கோடையில்தான் எடுக்க முடியும். ஜூனில் வான்கூவரில் சூரியன் மறைய இரவு ஒன்பதே காலாகிவிடும், விடியற்காலை ஐந்து மணிக்கு மறுபடி வந்துவிடும். முழு இருட்டு ஆறு மணி நேரம்கூடத் தேறாது. அதற்குள் விளக்குத் திருவிழாவை முடித்தாக வேண்டும். நடிகர்கள் கம்பளிக் கோட்டுக்குள் வியர்த்துக்கொண்டிருப்பார்கள், வாயில் குளிர்ப் புகை வராது. பின்னணியில் மேப்பிள் மரம் பச்சைப்பசேல் என்று நிற்கும். அதை மறைக்கத்தான் கேமரா எப்போதும் ஊசியிலை மரங்களின் பக்கம் திரும்பிக்கொள்கிறது.

தரையில் விரிப்பது பாலியஸ்டர் பஞ்சுச் சுருள், பாய் போல உருட்டி விரிக்கலாம். தொலைவில் பார்க்க நன்றாக இருக்கும். அதன்மேல் காகிதத்தை அரைத்த தூளைத் தண்ணீரோடு சேர்த்துத் தெளித்தால் பளபளப்பு குறைந்து பனி போல அடங்கும். தெளிக்காமல் விட்ட இடம்தான் நீங்கள் பார்த்த தலையணை. விரிப்பின் ஓரத்தை மூடாவிட்டால் புல் எட்டிப் பார்க்கும். மேலே நடந்தால் கால்தடம் விழாது, அமுங்கி எழும்பிவிடும். அதனால் நடிகர் கால் வைக்கும் இடத்தில் மட்டும் தூள் ஐஸைக் கொட்டுவார்கள். அது வெயிலில் உருகுவதற்குள் காட்சியை எடுத்துவிட வேண்டும்.

விழுகிற பனி சோப்பு நுரை. நுரை இயந்திரத்தை உயரத்தில் கட்டி ஊதவிடுவார்கள். பனித்துகள் கீழேதான் இறங்கும், நுரை சற்றுக் காற்றடித்தாலும் மேலே போகும். கோட்டுத் தோளில் விழுந்தால் உருகி ஈரமாகாது, குமிழ்கள் உடைந்து காணாமல் போகும். அடுத்த முறை பார்க்கும்போது கதாநாயகியின் தோளைப் பாருங்கள். ஒரு ஷாட்டில் வெள்ளை இருக்கும், அடுத்த ஷாட்டில் இருக்காது. இயந்திரம் இரையவும் செய்யும், பக்கத்தில் வைத்தால் வசனம் கெட்டுப்போகும். முத்தக் காட்சியில் பேச்சு நின்று இசை எழுவது இதற்கும் வசதியாகப் போய்விட்டது. மகளிடம் சொல்லுங்கள்: பனி விழும் காட்சி மொத்தம் மூன்று போதும், அந்த மூன்றிலும் வசனம் குறைவாக இருக்கட்டும்.

பாட்டு விஷயம் சுருக்கமாக. ஊர்க்கூடத்தில் எல்லோரும் சேர்ந்து பாடும் காட்சி எழுதினால் காப்புரிமை முடிந்த பாட்டாக இருக்கட்டும். ‘சைலன்ட் நைட்’ 1818-இல் பாடப்பட்டது, ‘ஜிங்கிள் பெல்ஸ்’ 1857-இல் வெளியானது. இரண்டையும் புதிதாகப் பாடிப் பதிவு செய்தால் பாட்டின் உரிமைக்கென்று யாருக்கும் பணம் தர வேண்டாம். 1942-இல் வந்த ‘வொயிட் கிறிஸ்துமஸ்’ என்று எழுதினால் உரிமை வாங்க வேண்டும்.

இனி, இந்தப் படங்கள் எங்கே தோற்கின்றன என்பது. நீங்கள் சொன்ன கதவு தட்டல்தான் முதல் தோல்வி. முத்தத்தைத் தடுக்க வெளியிலிருந்து ஒருவரைக் கொண்டுவருகிறார்கள். தட்டியவருக்கும் இந்த இருவருக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. தடை காட்சியின் உள்ளேயே இருக்க வேண்டும். இஞ்சி பிஸ்கட் பலகைகளால் ஜிஞ்சர்பிரெட் வீடு கட்டும் காட்சி பாதிப் படங்களில் வருகிறது, எல்லோரும் மூக்கில் மாவைத் தடவிக்கொள்கிறார்கள். அந்த வேலையை ஒருமுறை கவனித்துப் பாருங்கள். நான்கு சுவரையும் ஒட்டுவது ராயல் ஐசிங்: முட்டை வெள்ளைக்கருவில் ஐசிங் சர்க்கரையைக் கொட்டி, கரண்டியைத் தூக்கினால் முனை மடங்காமல் நிற்கும் பதத்துக்கு அடித்தது. பதம் இளகினால் சுவர் நழுவும். ஒட்டியதும் சில நிமிடம் கையால் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிறகு குறைந்தது ஒரு மணி நேரம் காயவிட்டுத்தான் கூரை வைக்கலாம். அவசரப்பட்டு வைத்தால் கூரையின் பாரம் சுவர்களை வெளிப்பக்கமாகத் தள்ளிவிடும்.

இதற்குள்ளேயே காட்சி இருக்கிறது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று ஆளுக்கு இரண்டு சுவரைப் பிடித்திருக்கிறார்கள். நான்கு கையும் மாட்டிக்கொண்டன. நகர முடியாது, போனை எடுக்க முடியாது, முகத்தைத் திருப்பிக்கொள்ளவும் இடமில்லை. பேச்சு மெல்ல அடங்குகிறது. அப்போது மேஜையில் அவள் போன் அதிர்கிறது, திரையில் நகரத்து அலுவலகத்தின் பெயர். அவள் எடுக்கவில்லை. மறுபடி அதிர்கிறது. ஒரு கையை எடுக்கிறாள். அந்தப் பக்கச் சுவர் சாய்கிறது. யாரும் கதவைத் தட்டவில்லை, யாரும் கத்தவில்லை. ஆனால் அவள் எதைத் தேர்ந்தாள் என்பதை அவனும் பார்த்தான், நாமும் பார்த்தோம். விளம்பரத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. செலவும் ஒரு சமையலறை, இரண்டு நடிகர்கள், மாற்றுக்கு நான்கைந்து வீடுகள், அவ்வளவுதான்.

இரண்டாவது தோல்வி எட்டாம் அங்கத்துப் பிரிவு. அவள் போனில் பேசுவதை அவன் பாதி கேட்டுவிட்டுக் கோபித்துக்கொண்டு போவது மிகச் சோம்பேறித்தனமான எழுத்து. ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்துவிடும் பிரச்சினைக்காக எட்டு நிமிடம் யாரும் கவலைப்பட மாட்டார்கள். அவளுக்கு நகரத்தில் உண்மையிலேயே தேவை இருக்கட்டும். அவளை நம்பி நான்கு பேர் வேலை பார்க்கட்டும். நகரத்துக் காதலனையும் மடையனாக எழுத வேண்டாம், நல்லவனாகவே இருக்கட்டும். விட்டுவிட்டு வருவது அப்போதுதான் கனமாகும்.

உங்கள் மனைவியின் கண்ணீருக்கும் ஒரு வரலாறு உண்டு. ஹால்மார்க் அடிப்படையில் வாழ்த்து அட்டை நிறுவனம். 1910-இல் ஜே.சி. ஹால் அஞ்சலட்டைகளோடு கான்சாஸ் சிட்டியில் தொடங்கியது. 1951 டிசம்பர் 24 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான, தொலைக்காட்சிக்கென்றே எழுதப்பட்ட முதல் ஓபராவுக்கு விளம்பரதாரர் அவர்கள்தான். ஹால்மார்க் என்ற பெயரில் அமெரிக்காவில் சேனல் வந்தது 2001-இல், கிறிஸ்துமஸுக்கென்று தனி சீசன் 2009-இல். 2019-இல் தங்கள் இரண்டு சேனல்களுக்குமாக 40 புதிய படங்கள் தந்தார்கள். வாழ்த்து அட்டையில் யாரும் புதிய செய்தியை எதிர்பார்ப்பதில்லை. தெரிந்த சொல் உரிய நாளில் நம் பெயருக்கு வந்து சேர்வதுதான் அதில் விசேஷம். இறந்த அம்மாவின் கையெழுத்தில் ஒரு சமையல் குறிப்புச் சீட்டு இத்தனை படங்களில் வருவதும் அதனால்தான். ஒரு துண்டுக் காகிதம், அதற்குச் செலவே கிடையாது, பார்க்கிற ஒவ்வொருவருக்கும் வீட்டில் அப்படி ஒரு கையெழுத்து இருக்கிறது. உங்கள் மனைவி சரியான இடத்தில்தான் கலங்கியிருக்கிறார். மகள் அந்தச் சீட்டை எழுதினால் எண்ணெய்க் கறையோடு எழுதட்டும், அளவுகளில் ஒன்று அடித்துத் திருத்தப்பட்டிருக்கட்டும்.

மகள் திரைக்கதையில் கைவைப்பதற்கு முன் ஒரு தாளில் எட்டு வரி எழுத வேண்டும்: எட்டு இடைவேளைக்கும் முன்னால் நிற்கும் எட்டுக் கேள்விகள். இரண்டு கேள்வி ஒன்றுபோல இருந்தால் ஒன்றை மாற்ற வேண்டும். பிறகு கூட ஒரு தோழியை வைத்துக்கொண்டு அந்த ஜிஞ்சர்பிரெட் வீட்டை நிஜமாகவே கட்டிப் பார்க்கட்டும். சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கையில் எந்த நிமிடத்தில் பேச்சு நிற்கிறது, எப்போது கை கடுக்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். போன் அதிர வேண்டியது அந்த இரண்டுக்கும் நடுவில்.