'இமிட்டேட்டிவ்' என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் 'காப்பி அடித்த' என்று பொருள் கொள்ளலாமா?

கொள்ளலாம், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. அது எந்தப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கிறது என்று பாருங்கள். ஏச்சா இல்லையா என்பது அதில் தெரிந்துவிடும்.

கதை, கவிதை, ஓவியம் என்று ஒருவர் சொந்தமாகப் படைக்க வேண்டியதைச் சொல்லும்போது ஏச்சுதான். 'இமிட்டேட்டிவ் போயட்ரி' என்று விமர்சகர் எழுதினால், கவிஞரிடம் சொந்தச் சரக்கு இல்லை என்கிறார். இன்னும் ஓங்கிக் குட்ட 'டெரிவேட்டிவ்' இருக்கிறது.

ஆனால் 'இமிட்டேட்டிவ் பிளே' என்பதில் குறையே கிடையாது. பாளையங்கோட்டையில் எங்கள் பக்கத்து வீட்டு ஆச்சி சுளகில் அரிசி புடைக்கும்போது, பேத்தி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒரு எவர்சில்வர் தட்டைப் புடைக்கும். நடுவில் நிறுத்தி, உதட்டைக் குவித்து உமி ஊதும். தட்டில் ஒரு மணி அரிசி கிடையாது! குழந்தை வளர்ச்சி பற்றி எழுதுகிறவர்கள் இதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். பார்த்துச் செய்து பழகுவது, அவ்வளவுதான்.

அப்புறம், ஆங்கில அகராதியில் சில சொற்களின் பிறப்பைச் சொல்லும் இடத்தில் 'இமிட்டேட்டிவ்' என்று மட்டும் போட்டிருக்கும். ஓசையைக் கேட்டு அதே மாதிரி அமைந்த சொல் என்று அர்த்தம். கக்கூ, ஹிஸ், பஸ் எல்லாம் இந்த வகை (நாகர்கோவில் பஸ் இல்லை, தேனீ போடுகிற 'பஸ்'). நம்மிடம் இதற்குப் பஞ்சமா? குறுக்குத்துறைப் படியில் உட்கார்ந்தால் தாமிரபரணி சலசலக்கும். தொல்காப்பியம் இரட்டைக்கிளவி என்று பெயரிட்டதில் பாதி இப்படித்தான். பாதி என்று ஏன் சொல்கிறேன் என்றால், 'பளபள'வும் இரட்டைக்கிளவிதான், பளபளப்புக்கு ஏது சத்தம்? அதை 'இமிட்டேட்டிவ்' என்று சொல்ல முடியாது.

பலர் தடுக்கி விழும் இடம் நகை. கவரிங் நகை 'இமிட்டேஷன் ஜுவல்லரி'தான், 'இமிட்டேட்டிவ்' என்று எழுதக் கூடாது. போலிப் பொருளுக்கு 'இமிட்டேஷன்'. பிறரைப் பார்த்துச் செய்யும் போக்குக்கு 'இமிட்டேட்டிவ்'. நெல்லையப்பர் கோயில் எதிரே இருக்கும் இருட்டுக்கடையின் பெயர் ஓடுகிறது என்று, அதே சாயலில் வேறொருவர் பலகை மாட்டினால்? 'இமிட்டேட்டிவ்' தப்பில்லை, ஆனால் ரொம்ப மரியாதையாக இருக்கும். 'காப்பிகேட்' என்றே எழுதுங்கள்.

யாரைப் பார்த்து என்று சொல்ல வேண்டுமானால் 'இமிட்டேட்டிவ் ஆஃப்' என்று வரும், 'டு' வராது. உச்சரிப்பில் 'டேட்' என்று நீட்டிச் சொல்வது அமெரிக்க வழக்கம். பிரிட்டிஷார் அதைக் குறுக்கி 'இமிட்டட்டிவ்' என்பார்கள்.