நாற்காலி மடக்குகிறவரை யாரும் வெளியாளாகப் பார்ப்பதில்லை

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புதிதாக ஒரு வாசிப்புக் குழுவில் சேர்ந்தேன். மூன்று வாரம் போய்விட்டேன். அவர்கள் பழைய கதைகளைப் பேசிச் சிரிக்கிறார்கள்; நான் ஓரமாக உட்கார்ந்துவிட்டு வருகிறேன். விட்டுவிடலாமா?

பதில்: அதற்குள்ளாகவா? அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90 மணி நேரம், நெருங்கியவராக 200 மணி நேரத்துக்கு மேல் ஒன்றாகக் கழிய வேண்டும் என்று 2018-இல் ஜெஃப்ரி ஹால் வெளியிட்ட ஆய்வு கணக்கிட்டது. வாரம் 2 மணி நேரம் என்றால் முதல் படிக்கே 25 வாரம். நீங்கள் கொடுத்திருப்பது 6 மணி நேரம்.

அந்த 2 மணி நேரத்திலும் எல்லோருடைய கண்ணும் பேசுகிறவர்மேல்தான் இருக்கும். பழக்கம் பிடிப்பது கூட்டத்துக்கு முன்னாலும் பின்னாலும். ஆகவே 15 நிமிடம் முன்பே போய், நாற்காலி போடுகிறவரோடு சேர்ந்து போடுங்கள். முடிந்ததும் மடக்கி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். ஐந்தாவது வாரம்போல ஒரு சின்ன வேலையைக் கேட்டு வாங்குங்கள்: வருகைப் பதிவு, நினைவூட்டல் அனுப்புவது, அறைச் சாவி. அது வாராவாரம் வரும் வேலையாக இருப்பது முக்கியம். ஆண்டு விழாவுக்கு ஓடியாடி உழைத்தவருக்கு நன்றி சொல்லி அனுப்பிவிடுவார்கள். சாவி வைத்திருப்பவர் வராவிட்டால்தான் “ஏன் வரவில்லை?” என்று கேட்பார்கள்.

பலர் சறுக்குவது இரண்டு இடங்களில். இரண்டு வாரம் வந்து மூன்று வாரம் விட்டால், திரும்ப வரும்போது மறுபடி புதுமுகம்தான். ஒரே சமயத்தில் நாலு குழுவில் சேர்ந்தால், 50 மணி நேரம் எதிலும் சேராது. இன்னொன்று: முதல் பேச்சு முடிந்ததும் “நம்மைப் பிடித்திருக்காது” என்று மனம் சொல்லும். அதை நம்பாதீர்கள். பேசி முடித்தவர்கள், எதிராளி தம்மை எவ்வளவு விரும்பினார் என்பதைக் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதும் 2018-இல் வெளியான ஆய்வு ஒன்றில் தெரிந்த விஷயம்தான்.

கேள்வி: நாலு பேரோடு சேர்ந்திருந்தால் ஆயுள் கூடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: 2010-இல் 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் விவரங்களை, ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் ஆய்வாளர்களும் தொகுத்துப் பார்த்தார்கள். கண்காணிப்புக் காலம் சராசரியாக ஏழரை ஆண்டு. உறவு வலுவாக இருந்தவர்கள் அந்தக் காலத்தைத் தாண்டி உயிரோடிருக்கும் வாய்ப்பு விகிதம் 50 சதவீதம் அதிகமாக இருந்தது. ஆயுள் பாதியளவு கூடும் என்று இதற்குப் பொருள் சொல்பவர்கள் உண்டு, அது தவறு. நோயாளிகள் வெளியே போவது குறைவு என்பதால், எது காரணம், எது விளைவு என்பதையும் முழுதாகப் பிரிக்க முடியாது. மாத்திரைக்கு மாற்றாக யாரும் குழுவில் சேர வேண்டாம்.

கேள்வி: எங்கள் நலச்சங்கத்தில் 40 பேர். வேலை செய்வது 5 பேர். “யாராவது வாங்க” என்றால் ஒருவரும் அசைவதில்லை.

பதில்: அந்த “யாராவது”தான் கோளாறு. 1968-இல் டார்லி, லட்டானே என்ற இரு உளவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வந்ததாகக் கேட்கச் செய்தார்கள். தான் மட்டுமே கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதத்தினர் அவர் பேச்சு ஓய்வதற்குள் உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். உயிர் போகிற நேரத்திலேயே அப்படியென்றால், தண்ணீர்த் தொட்டி கழுவ யார் எழுந்து வருவார்கள்?

பெயர் சொல்லி, தனியாகக் கேளுங்கள். என்ன வேலை, எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும் என்ற மூன்றும் அதே பேச்சில் வந்துவிட வேண்டும். முதல் முறை அரை மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலை கொடுக்காதீர்கள். “எப்போதும் இவர்தான் செய்வார்” என்ற நிலை வராதபடி மூன்று மாதத்துக்கு ஒருமுறை பொறுப்பை மாற்றுங்கள். மாற்றும்போது எந்தச் சாவி எங்கே, யாரிடம் என்ன பாக்கி என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். அந்தத் தாள் இல்லாததால்தான் பாதிப் பொறுப்புகள் பழைய ஆளிடமே திரும்பி வருகின்றன.

ஒப்புக்கொண்டு வராதவரை முதல் தடவையே கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம், பொதுச் சொத்தை நீண்ட காலம் காத்துவந்த குழுக்களில் கண்ட பொதுத்தன்மைகளில் ஒன்று படிப்படியான கண்டிப்பு: முதலில் லேசாக, தொடர்ந்தால் மட்டும் கடுமையாக. தனியாக ஒரு வார்த்தை கேட்டாலே பெரும்பாலோர் வந்துவிடுவார்கள்.

கேள்வி: எனக்கு மூன்று உயிர்த்தோழர்கள் போதும். குழு எதற்கு?

பதில்: மனம்விட்டுப் பேச அவர்கள் போதும். ஆனால் உங்களுக்குத் தெரிந்ததுதான் பெரும்பாலும் அவர்களுக்கும் தெரியும். மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையில், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களைப் பார்த்தார். அடிக்கடி சந்திக்கும் ஆளால் வேலை கிடைத்தது 16.7 சதவீதம் பேருக்குத்தான். எப்போதாவது சந்திப்பவரால் 55.6 சதவீதம். அப்படிப்பட்டவர்கள் குழுவில் கிடைப்பார்கள்.

கேள்வி: எங்கள் குழுவில் வர முடியாது என்று சொன்னால் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விலகலாமா?

பதில்: முதலில் சோதித்துப் பாருங்கள். காரணம் சொல்லாமல் ஒரே ஒரு கூட்டத்துக்கு வர முடியாது என்று தெரிவியுங்கள். கோபம் அடுத்த வாரம் தணிந்தால் அது மனிதச் சுபாவம். மாதக் கணக்கில் நீடித்தால், வேறு நண்பர்களைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால், சந்தாக் கணக்கைக் கேட்டதும் பேச்சை மாற்றினால், விலகிவிடுங்கள். பொறுப்பு, பணம், சாவி எல்லாவற்றையும் எழுத்தில் ஒப்படைத்து, ஒரு பிரதியை வைத்துக்கொள்ளுங்கள்.