ஒரே நாளில் வலென்சியா: என்ன பார்க்கலாம், என்ன சாப்பிடலாம்?

கேட்டவர் அலுவலக வேலையாக ஒரு வாரம் ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட் போகிறார். நடுவில் ஒரு நாள் ஓய்வு. "காலையில் வலென்சியா போய் இரவே திரும்பிவிடலாமா? எதைப் பார்ப்பது, பயேயாவை எங்கே சாப்பிடுவது?" என்பது கேள்வி. பயேயா என்பது அகலமான வாணலியில் செய்யும் வலென்சியாவின் அரிசிச் சாப்பாடு.

தாராளமாகப் போய் வரலாம். வலென்சியா ஸ்பெயினின் கிழக்குக் கரையில் உள்ள ஊர், மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயில் இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். மாட்ரிட்டில் பெரிய நிலையங்கள் இரண்டு, சாமார்த்தினும் அத்தோச்சாவும். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள். ஓய்வு நாளை நீங்களே தேர்ந்தெடுக்க முடியுமானால் வியாழக்கிழமையைக் கேட்டு வாங்குங்கள். ஏன் என்று கீழே சொல்கிறேன். ஞாயிறு மட்டும் வேண்டாம், சந்தை மூடியிருக்கும்.

இன்னொன்று. பார்க்க வேண்டிய இடங்களை வைத்து அந்த நாளைத் திட்டமிடாதீர்கள், சாப்பாட்டு நேரத்தை வைத்துத் திட்டமிடுங்கள். அந்த ஊரில் ஒவ்வொரு தீனிக்கும் ஒரு வேளை உண்டு. பயேயா மதியச் சாப்பாடு. இரவு எட்டு மணிக்குப் பயேயா கேட்டால் தருவார்கள்தான், ஆனால் அந்த நேரத்தில் அதைச் சாப்பிடுகிறவர்கள் அநேகமாக எல்லோரும் வெளியூர்க்காரர்கள்.

ரயில் நிற்பது ஹொவாக்கின் சொரோயா நிலையத்தில். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் பழைய வடக்கு நிலையம் வரும். 1917இல் திறந்தது. உள்ளே போய் டிக்கெட் கூடத்தை ஒரு தடவை பாருங்கள். மரச் சுவரில் வண்ணச் சில்லுகளைப் பதித்துப் பல மொழிகளில் பயண வாழ்த்து எழுதியிருப்பார்கள். முகப்பெல்லாம் ஆரஞ்சுப் பழ அலங்காரம். அங்கிருந்து நேராக மத்தியச் சந்தைக்கு.

1928இல் திறந்த அந்தச் சந்தை இன்றும் ஊர்க்காரர்கள் பையோடு வந்து மீனும் காயும் வாங்கிப் போகிற இடம். இரும்பும் கண்ணாடியும் ஓடும் சேர்ந்த பெரிய கூரை, நடுவில் குவிமாடம். மீன் பகுதியில் விலாங்கு உயிரோடு நெளியும், பக்கத்துக் கடையில் நத்தையை வலைப்பையில் கட்டி விற்பார்கள். மதியம் மூன்று மணியோடு எல்லாம் மூடிவிடும் என்பதால் இதைக் காலையிலேயே முடித்துவிட வேண்டும்.

பத்து மணி வாக்கில் அந்த ஊர்க்காரர்கள் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவார்கள். அல்முவெர்சோ என்பார்கள், செல்லமாக எஸ்மோர்சாரெத். காலைப் பலகாரமும் அல்ல, மதியச் சாப்பாடும் அல்ல, நடுவில் ஒன்று. முழங்கை நீள ரொட்டிக்குள் முட்டையோ கறியோ வைத்து, கூடவே ஒரு தட்டில் ஆலிவும் வேர்க்கடலையும் வரும். கடைசியில் க்ரெமாயெத்: ரம்மைச் சர்க்கரையோடும் எலுமிச்சைத் தோலோடும் கொளுத்தி, அதன் மேல் காப்பியை ஊற்றித் தருவது. சந்தையைச் சுற்றியுள்ள தெருக்களில் கட்டட வேலைக்காரர்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் ஏதாவது ஒரு கடைக்குள் நுழையுங்கள், ஏமாற மாட்டீர்கள். ஆனால் ரொட்டியைப் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மதியத்துக்கு வயிற்றில் இடம் வேண்டும்.

சந்தைக்கு நேர் எதிரே லோன்ஹா, பட்டு வணிக மண்டபம். பெரிய கூடத்தைக் கட்டி முடித்தது 1498இல். உயரமான கல் தூண்கள் முறுக்கிய கயிறு போலச் சுழன்று மேலே போய்க் கூரையில் விரியும். சுவரின் மேல்பக்கம் சுற்றிலும் லத்தீனில் பெரிய எழுத்து. பேச்சில் வஞ்சகம் இல்லாமல், கொடுத்த வாக்கைக் காத்து, வட்டிக்கு விடாமல் வாணிபம் செய்கிறவன் செல்வமும் பெற்று நித்திய வாழ்வும் பெறுவான் என்கிறது. பட்டு வியாபாரிகள் தினமும் அதன் கீழே நின்றுதான் விலை பேசியிருப்பார்கள். எத்தனை பேர் நிமிர்ந்து பார்த்தார்களோ! அரை மணி நேரம் போதும்.

இனி வியாழக்கிழமைக்கான காரணம். பகல் பன்னிரண்டுக்குக் கால் மணி முன்னால் ஊரின் பெரிய தேவாலயத்தின் அப்போஸ்தலர் வாசலுக்கு வந்துவிடுங்கள். வாசல் முன்னால் இரும்புக் கம்பி போட்ட வளையத்துக்குள் பழைய தோல் நாற்காலிகள் இருக்கும். மணிக்கூண்டில் பன்னிரண்டு அடித்ததும் கறுப்புச் சட்டை போட்ட எட்டுப் பேர் வந்து உட்காருவார்கள். இதுதான் தண்ணீர் நீதிமன்றம். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்கள், வாய்க்காலுக்கு ஒருவர். எல்லோரும் விவசாயிகள், அந்தந்த வாய்க்கால் பாசனக்காரர்களே தேர்ந்தெடுத்தவர்கள். முறை தவறித் தண்ணீர் எடுத்தது, பக்கத்து வயலை மூழ்கடித்தது, வாய்க்காலைத் தூர்வாராமல் விட்டது என்று வரும் வழக்குகளை நின்ற இடத்திலேயே விசாரித்துத் தீர்ப்புச் சொல்வார்கள். வக்கீல் கிடையாது. விசாரணை முழுக்க வாய்மொழி, மேல்முறையீடும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வாய்க்காலோ, அந்த வாய்க்காலின் நீதிபதி தீர்ப்பில் கலந்துகொள்ள மாட்டார். யார் பேச வேண்டும் என்பதைத் தலைவர் கையால் காட்டுவதில்லை, காலால் காட்டுவாராம். நம் ஊர்ப் பஞ்சாயத்தில் யாராவது அப்படிச் செய்தால் கதையே வேறு.

முஸ்லிம் ஆட்சிக் காலத்திலிருந்தே இந்த ஏற்பாடு தொடர்கிறது என்பது ஊரின் நம்பிக்கை. 1960இல் ஆயிரமாவது ஆண்டு விழாவே எடுத்துவிட்டார்கள். 2009இல் யுனெஸ்கோ பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

நான் போயிருந்த வியாழனன்று வழக்கு எதுவும் இல்லை. பெரும்பாலான வாரங்களில் அப்படித்தானாம். பித்தளைக் கொக்கி மாட்டிய கம்போடு நின்ற சேவகர் ஒவ்வொரு வாய்க்கால் பெயராகச் சொல்லி, "குற்றம் சாட்டப்பட்டவர் உண்டா?" என்று வலென்சிய மொழியில் உரக்கக் கூப்பிட்டார். ஒரு நொடி காத்திருந்தார், பதில் இல்லை, அடுத்த பெயர். எட்டும் முடிந்ததும் நீதிபதிகள் எழுந்து போய்விட்டார்கள். மொத்தமே சில நிமிடம். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் "இதற்காகவா இத்தனை நேரம் வெயிலில் நின்றோம்?" என்று மனைவியிடம் கடிந்துகொண்டார். எனக்கு அந்த ஊரில் ரொம்பப் பிடித்த காட்சி அதுதான். வழக்கே இல்லாவிட்டாலும் வாரம் தவறாமல் வந்து உட்காருகிறார்களே!

தேவாலயத்துக்குள் அகீக்கு என்ற மணிக்கல்லில் செய்த கிண்ணம் ஒன்று இருக்கிறது. இயேசு கடைசி இராவுணவில் பயன்படுத்திய கிண்ணம் அதுவே என்று நம்புகிறவர்கள் உண்டு. 1982இலும் 2006இலும் வந்த போப்பாண்டவர்கள் அதை வைத்துத் திருப்பலி நிறைவேற்றியிருக்கிறார்கள். தேவாலயத்தின் மணிக்கூண்டான மிகலெத் கோபுரத்துக்கு 207 படி. முழங்கால் சொல்கிறபடி செய்யுங்கள்.

சரி, பயேயா. தேவாலயத்தைச் சுற்றிய சதுக்கங்களில் வண்ணப் படத்தோடு பலகை வைத்திருக்கும் கடைகளைத் தாண்டிப் போய்விடுங்கள். உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் பயேயா வந்தால் அது சுடவைத்தது என்று அர்த்தம். நல்ல கடையில் ஆர்டர் கொடுத்த பிறகுதான் அடுப்பேற்றுவார்கள், முக்கால் மணி நேரமாவது ஆகும். இரண்டு பேருக்குக் குறைந்து செய்யாத கடைகளே அதிகம். தனியாகப் போகிறீர்கள் என்றால் ஒரு தட்டாகவும் தருவார்களா என்று கேட்டுக்கொண்டு உட்காருங்கள். மல்வரோசா கடற்கரைப் பக்கம் காசா கார்மேலா 1922 முதல் ஆரஞ்சு விறகில் சமைக்கும் கடை, முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். இரண்டு மணிக்கு மேஜை சொல்லி வைத்தால் நீதிமன்றம் பார்த்துவிட்டு நிதானமாகப் போய்ச் சேரலாம்.

அசல் வலென்சியப் பயேயாவில் கடல் மீன் கிடையாது. கோழி, முயல், பட்டையான பச்சை பீன்ஸ், கர்ரொஃபோ என்ற பெரிய வெள்ளை மொச்சை, தக்காளி, குங்குமப்பூ, சில வீடுகளில் நத்தை, ஒரு கொத்து ரோஸ்மேரி. அவ்வளவுதான். 2016இல் ஆங்கிலேயச் சமையல்காரர் ஜேமி ஆலிவர் சொரிசோ தொத்திறைச்சி போட்டுப் பயேயா செய்கிறேன் என்று படம் போட்டார். ஸ்பெயினே திரண்டு வந்து திட்டியது.

அரிசி ஊருக்குத் தெற்கே அல்புஃபேரா ஏரியைச் சுற்றி விளைவது. குட்டையான, பருத்த அரிசி. சாற்றை நன்றாக உறிஞ்சினாலும் லேசில் குழையாது. தண்ணீரும் அரிசியும் போட்ட பிறகு கிளறவே கூடாது. அகலமான வாணலியில் விரல் கனத்துக்குத்தான் சோறு இருக்கும், அடியில் மெலிதாகக் காந்தல் பிடிக்க வேண்டும். சொக்கராத் என்று சொல்லி அதற்குத்தான் அடித்துக்கொள்கிறார்கள். எங்கள் மேஜைக்கு வாணலியை அப்படியே கொண்டுவந்து நடுவில் வைத்தார் பரிமாறுகிறவர். மேலே இருந்ததை எடுத்து முடித்ததும் திரும்பி வந்து, கரண்டியைத் தலைகீழாகப் பிடித்து அடியைக் கரகரவென்று சுரண்டி, ஓரத்தில் குவித்துவிட்டுப் போனார். பழுப்பு நிறம், லேசான கசப்பு, புகை வாசனை. அதற்கு முன்னால் சாப்பிட்டதெல்லாம் மறந்துபோயிற்று.

என் மனைவி சைவம். காய்கறிப் பயேயா கிடைக்கிறது: கூனைப்பூ, பீன்ஸ், மொச்சை, குடைமிளகாய். ஆனால் வேகவைக்கும் சாறு கோழிச் சாறா, காய்ச் சாறா என்று கேட்டே ஆக வேண்டும். கேட்காவிட்டால் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் போட்டுவிடும் ஆபத்தும் உண்டு.

சாப்பாடு முடிய நான்கு ஆகிவிடும். ஐந்தரைக்கு ஓர்ச்சாத்தா. கோரைப்புல் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் கிழங்கை, சூஃபா என்பார்கள், ஊறவைத்து அரைத்து வடிகட்டிச் சர்க்கரை சேர்த்துச் சில்லென்று தருவது. பால் துளியும் இல்லை. ஃபர்த்தோன் என்ற நீளமான மெத்து ரொட்டியை அதில் தோய்த்துச் சாப்பிட வேண்டும். கிழங்கு விளைவது பக்கத்து அல்போராயாவில், மெட்ரோவில் கொஞ்ச நேரம்தான். நேரம் இல்லையென்றால் ஊர் நடுவில் சாந்தா கத்தலினா கோபுரத்தடியிலேயே பழைய ஓர்ச்சாத்தா கடைகள் உண்டு. முதல் வாய் எனக்கு மண்வாசனையாக இருந்தது, இரண்டாவது டம்ளரும் வாங்கினேன்.

அப்புறம் ஆறு இல்லாத ஆற்றுப் படுகை. 1957 அக்டோபர் 14 அன்று தூரியா பெருக்கெடுத்து ஊரை மூழ்கடித்தது, 80 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குப் பிறகு ஆற்றையே ஊருக்குத் தெற்கே புதுக் கால்வாயில் திருப்பிவிட்டார்கள். காய்ந்த படுகையில் நெடுஞ்சாலை போடத் திட்டம் இருந்தது. மக்கள் "படுகை எங்களுடையது, பசுமையாக வேண்டும்" என்று நின்றதால் அது பூங்காவாயிற்று. இன்று பழைய பாலங்களுக்கு அடியில் தண்ணீருக்குப் பதில் சைக்கிள் ஓடுகிறது. 2024 அக்டோபர் வெள்ளத்தில் தெற்கே உள்ள ஊர்கள் நாசமாகி இருநூறு பேருக்கு மேல் மாண்டபோது, நகரத்தின் நடுப்பகுதி தப்பியதற்கு அந்தப் புதுக் கால்வாய் முக்கியக் காரணம். கால்வாய்க்கு அந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

செர்ரானோஸ் கோட்டை வாசலில் படுகைக்குள் இறங்கினால் சைக்கிளில் அரை மணியில் கலை அறிவியல் நகரம் வந்துவிடும். வலென்சியாக்காரரான சந்தியாகோ கலாத்ராவா வரைந்த வெள்ளைக் கட்டடங்கள், சுற்றிலும் ஆழமில்லாத குளங்கள். எல்லாப் பயணப் பட்டியலிலும் முதலிடம் இதற்குத்தான். என் கணக்கில் கடைசி இடம். வெளியே நடந்து பார்க்கக் காசு கிடையாது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம். குழந்தைகள் கூட இருந்தால் மட்டும் கடல்வாழ் உயிரினக் காட்சியகம், அதற்கே அரை நாள் போய்விடும்.

அல்புஃபேராவில் படகு, சூரிய அஸ்தமனம் என்று சிலர் சொல்வார்கள். நல்ல இடம்தான், ஆனால் இதே நாளில் நுழைக்க முடியாது. கலை அறிவியல் நகரத்தையும் ஓர்ச்சாத்தாவையும் விட்டுவிட்டு, அங்கே இரவு தங்கவும் தயார் என்றால் போங்கள்.

இரவுச் சாப்பாட்டை வலென்சியாவில் எதிர்பார்க்காதீர்கள், உணவகங்கள் சூடுபிடிக்கவே ஒன்பது ஆகும். அதற்குள் மாட்ரிட்டுக்குக் கடைசி ரயில் போய்விடலாம், திரும்பும் டிக்கெட்டை முதலிலேயே எடுத்துவிடுங்கள். காலையில் மிச்சம் வைத்த பாதி ரொட்டியைப் பையில் போட்டு வைத்திருந்தால் ரயிலில் உதவும்.