ஃபிளாப்பி டிரைவுக்குள் ஒரு கணினி

வணக்கம் சார்,

பழைய வீட்டுக் கணினிகள் பற்றிய கட்டுரையில், கமடோர் 128-க்குள் இரண்டு பிராசஸர்கள் இருந்ததாக எழுதியிருந்தீர்கள். 1985-லேயே வீட்டில் அப்படி ஒரு கணினியா? இன்றைய மல்ட்டிகோர் போல இரண்டும் சேர்ந்து வேலை செய்தனவா? அப்புறம், கமடோர் ஃபிளாப்பி டிரைவ்கள் அவ்வளவு மெதுவாக இருந்தது ஏன்?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

இரண்டு பிராசஸர்கள் இருந்தன, ஆனால் சேர்ந்து வேலை செய்யவில்லை. 8502, இசட்80 என்ற அந்த இரண்டுக்கும் ஒரே பஸ் (தரவு போய்வரும் பாதை), ஒரே மெமரி. ஒன்று ஓடும்போது மற்றது நிற்கும். சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது இசட்80. சிலவற்றைச் சரிபார்த்துவிட்டு 8502-இடம் பொறுப்பை விட்டுவிடும். சிபி/எம் என்ற அந்தக் கால இயங்குதளத்தின் மென்பொருள் ஓடினால்தான் இசட்80-க்கு மறுபடி வேலை.

நிஜமாகவே ஒரே நேரத்தில் ஓடிய இரண்டாவது பிராசஸர் டிரைவுக்குள் இருந்தது. கமடோர் 64-க்கான 1541 டிரைவைத் திறந்தால் ஒரு 6502 பிராசஸர், 2 கேபி ராம், 16 கேபி ரோம் (அழியாத நிரந்தர மெமரி), தனி பவர் சப்ளை எல்லாம் இருக்கும். கீபோர்டும் திரையும் இல்லை, அவ்வளவுதான். கோப்பின் பெயரைச் சொன்னால் போதும், டிஸ்கின் 18-ஆம் டிராக்கில் (வட்டத் தடத்தில்) கோப்புப் பட்டியலைத் தேடுவது, படிக்கும் ஹெட்டை நகர்த்துவது எல்லாம் அதன் பாடு. ஆப்பிள் II கணினியில் ஆப்பிளின் இணை நிறுவனர் வாஸ்னியாக் செய்தது இதற்கு நேர் எதிர்: டிரைவில் சில்லுகளைக் குறைத்து, வேலையைக் கணினியின் பிராசஸர் தலையில் கட்டினார். செலவில் ஆப்பிள் வழி கெட்டிக்காரத்தனம். ஆனாலும் என் மனசு 1541 பக்கம்தான்.

மெதுவாக இருந்ததற்குக் காரணம் டிரைவ் அல்ல, நடுவில் இருந்த, ஒவ்வொரு பிட்டாக அனுப்பும் சீரியல் இணைப்பு. கமடோரின் முந்தைய கணினியான விக்-20-இல் பயன்பட்ட 6522 சில்லில், பிட்டுகளைத் தானாக வரிசையாக அனுப்ப வேண்டிய ஷிஃப்ட் ரெஜிஸ்டர் சரியாக வேலை செய்யவில்லை. அதனால் ஒவ்வொரு பிட்டையும் மென்பொருளே கைமாற்ற வேண்டியதாயிற்று. கமடோர் 64-உம் அதையே சுமந்தது. விநாடிக்குச் சுமார் 400 பைட். 50 கேபி விளையாட்டு ஏற இரண்டு நிமிடத்துக்கு மேல்.

இதற்கு வழி கண்டவர்கள் புரோகிராமர்கள். டிரைவின் ராமுக்குள் சின்ன நிரல் ஒன்றை அனுப்பி, அங்கிருக்கும் 6502-ஐயே ஓட வைத்தார்கள். இரு பக்கமும் நேரக் கணக்குத் தப்பாமல் இரண்டிரண்டு பிட்டாக அனுப்பும். திரைச் சில்லு இடையில் புகுந்து நேரத்தைத் தின்னும் என்பதால் பலவற்றில் திரையையே அணைத்துவிடுவார்கள். ஃபாஸ்ட் லோடர் என்பது இதுதான்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஜெர்மனியின் ஆகனில் படித்தபோது, பக்கத்து அறை நண்பரிடம் இரண்டு 1541 இருந்தன. ஃபார்மேட் செய்யும்போது டட-டட-டட என்று சத்தம் சுவர் தாண்டிக் கேட்கும். முதல் டிராக்கை அறிய சென்சார் கிடையாது; ஹெட்டைத் தடுப்பில் மோதவிட்டுத்தான் அது இடத்தைக் கண்டுபிடிக்கும். ஃபிளாப்பியின் மறு ஓரத்தில் கத்தரியால் சதுரமாக வெட்டி, திருப்பிப் போட்டு, அடுத்த பக்கத்தையும் பயன்படுத்துவார். ஒரு பக்கத்துக்குச் சுமார் 170 கேபி.

அவரிடம் நகலெடுக்கும் நிரல் ஒன்றும் இருந்தது. இரண்டு டிரைவுகளையும் கேபிளால் இணைத்து, இரண்டின் ராமிலும் நிரலை ஏற்றிவிட்டு, கமடோர் 64-இன் கேபிளைக் கழற்றி எடுத்துவிடுவார். ஒன்று படிக்க, மற்றது எழுத, இரண்டு டிரைவுகளும் தாமாகவே ஒவ்வொரு டிஸ்காக நகலெடுத்துக்கொண்டிருக்கும்.