அமெரிக்காவில் விமானப் பயணிகளைச் சோதிக்கும் அரசு அமைப்பான டிஎஸ்ஏ, செலவைக் குறைத்து வேகமாக இயங்க முடியுமா?

முடியும். ஆனால் ஆள்குறைப்பில் தொடங்கக் கூடாது. அப்படிச் செய்தால் விமான நிலையத்தில் வரிசைதான் நீளும்.

நேரம் எங்கே போகிறது என்று சோதனை மேசையருகே நின்று பாருங்கள். ஒருவர் பையின் அடியில் கிடக்கும் லேப்டாப்பைத் தேடுகிறார், பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஷூவைக் கழற்றச் சொல்லி 2006 முதல் இருந்த விதி 2025 ஜூலையில்தான் போனது. பைக்குள் இருப்பதை முப்பரிமாணப் படமாகக் காட்டும் சிடி ஸ்கேனர் இருந்தால் லேப்டாப்பும் பைக்குள்ளேயே இருக்கலாம். 2011இல் வந்த ப்ரீசெக் திட்டத்தில், பின்னணி முன்பே சரிபார்க்கப்பட்டவர்கள் சீக்கிரம் கடக்கிறார்கள். ஆபத்து குறைந்தவரிடம் நேரத்தைக் கொட்டாமல் இருப்பதே உண்மையான சிக்கனம்.

அப்புறம் பணம். பயணி ஒரு வழிக்குக் கட்டும் 5.60 டாலர் பாதுகாப்புக் கட்டணத்தில் ஒரு பகுதி, 2013இல் வந்த சட்டத்தால், அரசின் பட்ஜெட் பற்றாக்குறையை அடைக்கச் செலவாகிறது. அதை முதலில் ஸ்கேனர் வாங்கத் திருப்பிவிட வேண்டும்.