தென்கடலா, வடகடலா? குடும்பத்தோடு தூண்டில் போடக் கிளம்புகிறவர்களுக்கு

போன இதழில் மண்டபம் பக்கம் நாட்டுப்படகில் ஏறி அரைநாள் தூண்டில் போட்டுவிட்டு வருவதைப் பற்றிப் போகிற போக்கில் நாலு வரி எழுதியிருந்தேன். அந்த நாலு வரிக்கு வந்த கடிதங்கள்தான் இந்த முறை பத்தி முழுக்க.

மே மாத விடுமுறையில் ராமேஸ்வரம் வருகிறோம். ஆறு வயதிலும் ஒன்பது வயதிலும் இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். யாருக்கும் தூண்டில் பிடித்துப் பழக்கமில்லை. எங்கே போகலாம், எத்தனை மணிக்குப் போகலாம்?
— வாசகி, ஈரோடு

வடகடல். விடியற்காலை. பதில் இவ்வளவுதான், ஆனால் ஏன் என்று தெரிந்துகொண்டால் அடுத்த தடவை வேறு மாதத்தில் வரும்போது என்னைக் கேட்க வேண்டியிருக்காது.

ராமேஸ்வரத்திலும் மண்டபத்திலும் கடல் ஒன்று இல்லை, இரண்டு. வடக்கே இருப்பது பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. ஊர்க்காரர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். மண்டபத்தில் இரண்டுக்கும் நடுவே நிலம் எவ்வளவு ஒடுங்கிப் போகிறது என்றால், ஒரு கரையில் அலை ஆளைத் தூக்கி அடிக்கிற நேரத்தில் மறு கரைக்கு நடந்தே போய்விடலாம், அங்கே தண்ணீர் அசையாமல் கிடக்கும். எல்லாம் காற்று செய்கிற வேலை. வைகாசியில் தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று கிளம்பினால் புரட்டாசி வரைக்கும் தென்கடல் கொந்தளிப்புதான், வடகடலுக்கு நிலமே மறைப்பாக நிற்கும். ஐப்பசியில் வாடை திரும்பியதும் கணக்கு தலைகீழ், அப்போது தென்கடல் அடங்கியிருக்கும், வடகடல் பொங்கும். பாக் விரிகுடா ஆழம் குறைந்த கடல், பெரும்பகுதி 15 மீட்டரைத் தாண்டாது. ஆழமில்லாத தண்ணீரில் காற்று விழுந்தால் அலை குட்டை குட்டையாக, அடுத்தடுத்து வரும், சின்னப் படகுக்கு அதுதான் ஆகாது. மாசி, பங்குனியில் இரண்டு பக்கமும் அமைதியாக இருக்கும். பிள்ளைகளின் பரீட்சை மட்டும் அந்த நேரத்தில் இல்லாமலிருந்தால் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

நேரம் ஏன் விடியற்காலை? கச்சான் காலத்தில் பொழுது ஏற ஏற, வெயிலோடு காற்றும் ஏறும். ஐந்தரை, ஆறுக்குக் கிளம்பி ஒன்பதரைக்குள் கரையில் கால் வைத்துவிட்டால் அலையிலிருந்தும் வெயிலிலிருந்தும் தப்பித்தீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு மூன்று மணி நேரமே அதிகம், முதல் அரைமணி நேரம் ஒரே கொண்டாட்டம், அப்புறம் "எப்போம்மா வீட்டுக்குப் போவோம்" ஆரம்பமாகிவிடும். முழுநாள் என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மாமியாருக்கு மூட்டுவலி இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். பல இடங்களில் படகுத்துறை என்று தனியாக எதுவும் இருக்காது, முழங்கால் தண்ணீரில் இறங்கி நடந்து, படகின் விளிம்பைப் பிடித்துக் காலைத் தூக்கிப் போட்டு ஏற வேண்டும். படகுத்துறை இருக்கிற இடமா, தண்ணீரில் இறங்கி ஏறுகிற இடமா என்று முன்பே கேளுங்கள். இன்னொன்று, நாட்டுப்படகில் கழிப்பறை கிடையாது. இதை யாரும் விளம்பரத்தில் சொல்ல மாட்டார்கள், அதனால் நான் சொல்கிறேன்.

ஏப்ரல், மே மாதங்களில் மீன்பிடித் தடைக்காலம் ஆயிற்றே, அப்போது தூண்டில் போட்டால் பிடித்துக்கொண்டு போய்விட மாட்டார்களா?
— வாசகர், விருதுநகர்

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. ஆனால் அது விசைப்படகுகளுக்கு, குறிப்பாக இழுவலைக்காரர்களுக்கு. மீன் முட்டையிடுகிற காலத்தில் கடலடியைச் சுரண்டி எடுக்காமல் இருக்கத்தான் அது. நாட்டுப்படகுக்காரர்கள் அந்த மாதங்களிலும் தொழிலுக்குப் போய் வருகிறார்கள். நீங்கள் ஏறப் போவதும் நாட்டுப்படகில்தான் என்பதால் அந்தக் கவலை வேண்டாம். விசைப்படகில் கூட்டிப்போகிறேன் என்று தடைக்காலத்தில் ஒருவர் சொன்னால் மட்டும் ஏறாதீர்கள்.

குருசடைத் தீவுக்கு வனத்துறையே படகு விடுகிறதாமே. அங்கே போய்த் தீவு ஓரமாகத் தூண்டில் போட முடியுமா? தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும் என்கிறார்கள்.
— வாசகர், மதுரை

முடியாது. தண்ணீர் கண்ணாடி மாதிரி இருப்பது உண்மைதான், அதற்காகத்தான் விடுவதில்லை. மண்டபம் பக்கத்திலிருந்து தூத்துக்குடி வரைக்கும் உள்ள 21 தீவுகளும் அவற்றைச் சுற்றியிருக்கிற பவளப்பாறைகளும் 1986இல் அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அதற்குள் மீன்பிடிக்கக் கூடாது, வனத்துறை அழைத்துப் போகிற வழியைத் தவிர வேறு வழியில் தீவில் இறங்கவும் கூடாது. "எனக்குத் தெரிந்த ஆள் இருக்கிறார், ஓரமாக நிறுத்தித் தருவார்" என்பது நம் ஊரில் எல்லா இடத்திலும் கேட்கிற வசனம், இங்கே அதை நம்பிப் போனால் வழக்கு வாங்குவது நீங்களும் அந்தப் படகுக்காரரும்தான்.

குந்துகாலிலிருந்து குருசடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், பிச்சைமூப்பன்வலசையிலும் தொண்டிப் பக்கம் காரங்காட்டிலும் வனத்துறைப் படகு உண்டு, காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள்ளேயே போகும். இவை பார்ப்பதற்கான பயணங்கள். தூண்டிலை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. பவளத் துண்டு, கடல் அட்டை, கடல் குதிரை எதையும் ஞாபகத்துக்கு என்று பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள். வனஉயிர்ச் சட்டத்தில் இவை புலி, யானைக்குச் சமமான பாதுகாப்பில் இருக்கின்றன. கடல் அட்டை 2001 முதல் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

இணையத்தில் ரீல் வைத்த தூண்டில் கழி ஒன்று வாங்கினேன். அதைக் கொண்டு வரலாமா? பையன் அதோடுதான் வருவேன் என்று அடம்பிடிக்கிறான்.
— வாசகர், கோயம்புத்தூர்

கொண்டு வாருங்கள், படகில் ஓர் ஓரமாக வைத்துவிடுங்கள். ஏழெட்டுப் பேர் நெருக்கி உட்கார்ந்திருக்கிற படகில், பழகாத பையன் கழியைப் பின்னால் வீசி முன்னால் எறிந்தால் முள் எங்கே மாட்டும் என்று நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் அப்பாவின் காதில்.

முதல்முறை வருகிறவர்களுக்குக் கைத்தூண்டில்தான் சரி. ஒரு கட்டையில் சுற்றிய நரம்பு (நைலான் இழை), நுனியில் ஈயக்குண்டு, அதற்குக் கொஞ்சம் மேலே ஒன்றோ இரண்டோ முள். இறால் துண்டோ கணவாய்த் துண்டோ இரை. கணவாய் தோல் மாதிரி கெட்டி, சின்ன மீன்கள் கொத்தினாலும் லேசில் கழன்று போகாது. படகுக்குப் பக்கத்திலேயே நேராக இறக்க வேண்டும், வீசவே தேவையில்லை. மூன்று பாகம், நாலு பாகம் ஆழத்தில் குண்டு தரையைத் தொட்டதும் நரம்பு தொய்யும் (ஒரு பாகம் என்பது இரு கையையும் விரித்த அகலம், சுமார் ஆறடி). தொய்ந்ததும் ஒரு முழம் மேலே தூக்கி, ஆள்காட்டி விரலின் மேல் நரம்பை ஓட விட்டுக் காத்திருக்க வேண்டும். டிக் டிக் என்று விரலில் தட்டினால் கொறிக்கிறது, பொறுங்கள். ஒரே இழுவையாக இழுத்தால் சுண்டி ஏற்றுங்கள். நரம்பைக் கையில் மட்டும் சுற்றிக்கொள்ளாதீர்கள், பிள்ளைகள் கண்டிப்பாகச் சுற்றுவார்கள், பார்த்துக்கொண்டே இருங்கள். நல்ல எடையில் ஒரு பாறை மீன் இழுத்தால் விரல் அறுந்துவிடும்.

மணல் தரையில் கிழங்கான் வரும், நகரை வரும். பார் (கடலடிப் பாறைத் திட்டு) ஓரத்தில் விளைமீன், களவாய். கிழங்கான்தான் பிள்ளைகளுக்கு ஏற்ற மீன் என்பது என் கட்சி: சின்னது, அடிக்கடி கடிக்கும், கையைக் குத்தாது, பொரித்தால் பஞ்சு மாதிரி இருக்கும். நங்கூரத்தைப் பாரின் மேல் போட விடாதீர்கள், மணலில் போடச் சொல்லுங்கள். நல்ல படகுக்காரர் சொல்லாமலே அப்படித்தான் செய்வார்.

பஸ்ஸில் ஏறினாலே வாந்தி எடுக்கிற ஆள் நான். படகில் தாங்குமா?
— வாசகி, சேலம்

ஓடுகிற படகில் தாங்கும். நங்கூரம் போட்டு நின்று, அலையில் ஆடுகிற படகில்தான் சிரமம், தூண்டில் பயணம் பாதிக்கு மேல் அதுதான். வாந்தியைத் தடுக்கிற மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு வாங்கிக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுக்கொள்ளுங்கள், குமட்ட ஆரம்பித்தபின் போட்டுப் பயனில்லை. குழந்தைகளுக்கு அளவு வேறு, நீங்களாகப் பாதி உடைத்துக் கொடுக்காதீர்கள். வெறும் வயிற்றோடும் போகக் கூடாது, பூரி கிழங்கோடும் போகக் கூடாது, இரண்டு இட்லி போதும். அணியத்தில் (முன்பக்கம்) உட்காராமல் படகின் நடுவிலோ அமரத்துப் பக்கமோ (பின்பக்கம்) உட்காருங்கள், ஆட்டம் குறைவு. டீசல் புகை முகத்தில் அடிக்காத பக்கமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணைக் கரையிலோ தொடுவானத்திலோ வைத்திருங்கள், கைபேசியைப் பார்க்கவே பார்க்காதீர்கள்.

பெண்கள் படகில் ஏறினால் மீன்படாது என்று என் அப்பத்தா சொல்கிறார். அந்த ஊர்ப் படகுக்காரர்களும் அப்படி நினைப்பார்களோ?
— வாசகி, முதுகுளத்தூர்

பாம்பன், சின்னப்பாலம் பக்கம் அப்பத்தாவை ஒருமுறை கூட்டிப்போங்கள். படகில் போய் இறங்கி, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி முங்கிக் கடல்பாசி எடுத்து வருகிற பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். காசு கொடுத்து வருகிற குடும்பத்தில் பெண்களை ஏற்ற மாட்டேன் என்று சொல்கிற படகுக்காரரை நான் பார்த்ததில்லை.

மீனைக் கையால் பிடிக்கலாமா? எதைத் தொடக் கூடாது?
— வாசகர், திண்டுக்கல்

தெரியாத மீனைத் தொடாதீர்கள், முள்ளிலிருந்து கழற்றுவதைப் படகுக்காரரிடம் விடுங்கள். பெரும்பாலும் வம்பு மூன்று பேரிடம்: ஓரா, கெளுத்தி, திருக்கை. ஓரா பார்க்கச் சாது, குழம்புக்கு நல்ல ருசி, ஆனால் முதுகு முள் குத்தினால் கை முழுக்கத் தீயாய் எரியும். குத்திவிட்டால் பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள வெந்நீரில் கையை வைத்திருங்கள், விஷம் சூட்டில் வீரியம் குறையும். அதனால் ஃபிளாஸ்க்கில் காபியோடு வெந்நீரும் தனியாக இருக்கட்டும், அடிபட்டவர் தாங்குகிறாரா என்று பார்க்காமல் இன்னொருவர் சூட்டை முதலில் தொட்டுப் பார்க்க வேண்டும். திருக்கை குத்தினால் நேராக ஆஸ்பத்திரி.

பந்தாய் உப்புகிற பேத்தை மீனைப் பிள்ளைகள் பார்த்தால் விட மாட்டார்கள். பார்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுங்கள், சமைக்கிற எண்ணமே வேண்டாம், அதன் விஷம் சமைத்தால் போகாது. உள்ளங்கைக்கும் சின்னதாக வருகிற குஞ்சு மீன்களையும் விட்டுவிடலாம்.

பிடித்த மீனை ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?
— வாசகர், காரைக்குடி

ஐஸ் பெட்டியை ஐஸோடு படகிலேயே ஏற்றினால் முடியும். வெயிலில் படகுத்தளத்தில் போட்டு வைத்த கும்புளா, சூரை மீன்களில் உண்டாகிற நஞ்சு, எவ்வளவு நேரம் கொதிக்க வைத்தாலும் போகாது. காரைக்குடிதானே, ஆனாலும் அங்கேயே குடல் எடுத்துக் கழுவி ஐஸில் வைத்துக் கொண்டு போங்கள்.

நம்பகமான படகுக்காரர் என்று எப்படித் தெரிந்துகொள்வது? மீன் ஒன்றும் கிடைக்காவிட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா?
— வாசகர், தஞ்சாவூர்

முதல் கேள்வி நீங்கள் கேட்க வேண்டியது உயிர்க்கவசம் பற்றி. இருக்கிறதா என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள், பிள்ளைகள் அளவில் இருக்கிறதா, கொஞ்சம் காட்டுங்கள் என்று கேளுங்கள். பெரியவர்கள் கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் விழும்போது கவசம் மேலே மிதக்கும், பிள்ளை கீழே வழுகிவிடும். மாட்டிவிட்டுத் தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள், காது வரைக்கும் ஏறி வந்தால் அது பொருந்தவில்லை. கிளம்பும்போது மாட்டியது கரையேறும்போதுதான் கழற்ற வேண்டும், வியர்க்கிறது என்று நடுவில் கழற்ற விடாதீர்கள்.

அப்புறம், சுற்றுலாப் பயணிகளை ஏற்ற அனுமதி இருக்கிற படகா என்று கேளுங்கள். மீன்பிடிக்கப் பதிவு செய்த படகு என்பது வேறு, ஆள் ஏற்ற அனுமதி பெற்ற படகு என்பது வேறு. எவ்வளவு தூரம் போவோம் என்றும் கேளுங்கள். குடும்பப் பயணத்துக்குக் கரை கண்ணில் தெரிகிற தூரம் போதும். "கச்சத்தீவு தெரிகிற வரைக்கும் கூட்டிப்போகிறேன்" என்று வீரம் பேசுகிற ஆள் வேண்டாம், அந்தப் பக்கம் எல்லைக்கோடு இருக்கிறது, தொழிலுக்குப் போகிறவர்கள் படுகிற பாடு பேப்பரில் பார்க்கிறீர்கள்தானே. ஆதார் அட்டையைக் கையில் வைத்திருங்கள். கடலோரக் காவல் குழுமத்தின் 1093, கடலோரக் காவல்படையின் 1554, இரண்டு எண்ணையும் கைபேசியில் ஏற்றிக்கொண்டு ஏறுங்கள்.

எனக்கு ஒரு படகுக்காரரைப் பிடிப்பது அவர் "இன்னைக்கு வேண்டாம்ணே, காத்து சரியில்லை" என்று சொல்லும்போதுதான். வானம் பளிச்சென்று இருக்கும், நமக்கு ஒன்றும் தெரியாது, பாம்பனில் புயல் எச்சரிக்கைக் கூண்டும் ஏற்றியிருக்க மாட்டார்கள், ஆனாலும் அவர் வேண்டாம் என்பார். அவரோடு வாதம் பண்ணி, இரண்டு மடங்கு தருகிறேன் என்று ஆசை காட்டிக் கிளப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

பணம் விஷயம்: மீன் கிடைக்காததற்குத் திருப்பிக் கேட்க முடியாது, அவர் டீசல் போட்டிருக்கிறார், இரை வாங்கியிருக்கிறார், கடல் அவர் சொன்னபடி கேட்காது. ஆனால் காற்றால் கிளம்பவே முடியாமல் போனால் முன்பணம் என்ன ஆகும், மறுநாள் கூட்டிப்போவாரா, முழுதாகத் திருப்பித் தருவாரா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே பேசிவிடுங்கள். இரை, நரம்பு, கவசம், மீன் கழுவித் தருவது எல்லாம் வாடகைக்குள் அடங்குமா என்பதையும் அப்போதே கேட்டுவிட்டால் கரையில் நின்று கணக்குப் பேச வேண்டியிருக்காது. முடிந்தால் ராமேஸ்வரத்தில் இரண்டு நாள் தங்குகிற மாதிரி வாருங்கள், முதல் நாள் காற்று கெடுத்தால் இரண்டாவது நாள் கையில் இருக்கும்.