சேர்வராயன் மலையை டப்பாவில் விற்கிறார்களா?

கேள்வி: வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன். மாடி அறையில் 6 அடிக்கு 3 அடி பலகை போட்டு 'என்' ஸ்கேல் மாடல் ரயில் ஓட்டுகிறேன். டேனிஷ்பேட்டை, லோக்கூர் பக்கம் ரயிலில் போகும்போது ஜன்னலில் தெரியும் சேர்வராயன் மலையடிவாரத்தை அதில் கொண்டுவர ஆசை. இணையத்தில் வெளிநாட்டு 'சீனரி கிட்' ஒன்று 11,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மலை, புல், மரம், கோந்து எல்லாம் உள்ளே இருக்கிறதாம். வாங்கலாமா? (அஸ்தம்பட்டி வாசகர்)

பதில்: வேண்டாம் சார். கெட்ட பொருள் என்று சொல்லவில்லை. அதில் பாதி உங்கள் தெருவிலேயே கிடைக்கும், மீதியில் பாதி வேறு ஊருக்கானது. ('என்' ஸ்கேல் என்றால் என்னுடைய ஸ்கேல் என்று மற்றவர்கள் படித்துவிட வேண்டாம். அது ஆங்கில எழுத்து. நிஜத்தை 160-இல் ஒரு பங்காகச் சுருக்குவது, தண்டவாள அகலம் 9 மில்லிமீட்டர்.)

கிட்டில் 'பிளாஸ்டர் துணி' என்று ஒரு சுருள் இருக்கும். எலும்பு முறிவுக்குக் கட்டுப் போடும் பிஓபி பேண்டேஜும் அதுவும் ஒன்றுதான். மெடிக்கல் ஷாப்பில் கேளுங்கள், யாருக்குக் கை உடைந்தது என்று விசாரித்துவிட்டுத் தருவார்கள். கசக்கிய செய்தித்தாளை மலை மாதிரி குவித்து, பேண்டேஜைத் தண்ணீரில் நனைத்து இரண்டு அடுக்கு போர்த்தினால் மறுநாள் தட்டிப் பார்க்கும் அளவுக்கு இறுகிவிடும். வாங்கும்போது உறை பிரியாமல் இருக்கிறதா, தேதி தாண்டவில்லையா என்று மட்டும் பாருங்கள். ஈரம் குடித்த பழைய ரோல் இறுகவே இறுகாது. கிட்டில் வரும் 'சீனிக் க்ளூ', அதாவது மண்ணையும் புல்லையும் ஒட்டும் கோந்தின் வேலையை, வெள்ளை ஃபெவிகாலில் சம அளவு தண்ணீர் ஊற்றி, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் இரண்டு சொட்டு விட்டுக் கலக்கினால் அதுவே செய்துவிடும். சோப்பு இல்லையென்றால் கோந்து மண்ணுக்குள் இறங்காமல் முத்து முத்தாக உருண்டு நிற்கும்.

அடுத்தது நிறம். அந்தக் கிட்டில் வரும் புல் ஐரோப்பியப் புல்வெளியின் பச்சை. நம்மூரில் பொங்கல் முடிந்தால் புல் வைக்கோல் நிறத்துக்குப் போய்விடும். மண் செம்மண், பாறை சாம்பல் கலந்த கறுப்பு, நடுவில் சீமைக்கருவேலம். மேக்னசைட் ஜங்ஷன் பக்கம் என்றால் சுரங்கம் தோண்டிய வெள்ளைத் தழும்பும் வேண்டும். இந்த இடத்தில் சுவிட்சர்லாந்துப் பச்சையைத் தூவினால், எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் டேனிஷ்பேட்டை தெரியாது, கேக் கடை தெரியும்.

ஆகவே உதிரியாக வாங்குங்கள். நோக், ஹெக்கி, உட்லேண்ட் சீனிக்ஸ் என்று எந்த நிறுவனமானாலும் சரி, நிமிர்ந்து நிற்கும் நைலான் புல், அதாவது 'ஸ்டாட்டிக் கிராஸ்', தனிப் பாக்கெட்டாகக் கிடைக்கும். பாக்கெட்டில் நீளம் போட்டிருப்பார்கள். 2 மில்லிமீட்டர் என்றால் உங்கள் ஸ்கேலில் 32 சென்டிமீட்டர், ஏறக்குறைய முழங்காலுக்குக் கீழே. 4 மில்லிமீட்டர் தொடையைத் தொடும். 6 மில்லிமீட்டரில் உங்கள் குட்டி மனிதர்கள் இடுப்பு வரை முங்கிப் போவார்கள். வைக்கோல் நிறத்தில் 2-உம் 4-உம் ஒவ்வொன்று, ஏரிக்கரைக்கு மங்கலான பச்சை சின்னது ஒன்று. உங்கள் பலகைக்கு இது தாராளம்.

மண்ணைக் காசு கொடுத்து வாங்க வேண்டாம். வீட்டுக் கொல்லையிலோ தெரிந்தவர் தோட்டத்திலோ செம்மண் எடுத்து, வெயிலில் காய வைத்து, முதலில் டீ வடிகட்டியில், அப்புறம் மெல்லிய துணியில் சலியுங்கள். கோந்து பட்ட மண் காய்ந்த பிறகும் ஒரு படி கறுத்தே நிற்கும். அதனால் முதலில் அட்டைத் துண்டில் ஒட்டிப் பார்த்துவிட்டு, தேவைப்பட்டால் வெளிர் நிற மண் கலந்துகொள்ளுங்கள்.

மலையைப் பற்றி ஒரு வார்த்தை. ஏற்காடு கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1,500 மீட்டர், சேலம் 300-க்கும் கீழே. நடுவில் உள்ள 1,200 மீட்டரை 160-ஆல் வகுத்தால் ஏழரை மீட்டர். மாடி அறைக் கூரையைப் பிளந்துகொண்டு மேலே இன்னொரு மாடி போகும்! அடிவாரக் கரட்டை மட்டும் ஒரு அடிக்குள் செய்யுங்கள், மேலே உள்ள மலை பின்திரையில் இருக்கட்டும். காலையில் நீங்களே படமெடுத்து ஃபிளெக்ஸ் கடையில் கொடுத்தால் அடித்துத் தருவார்கள். ஆனால் ஃபிளெக்ஸில் வேண்டாம், விளக்குப் பட்டால் கல்யாண பேனர் போலப் பளபளக்கும். பளபளப்பில்லாத மேட் வினைல் என்று கேட்டு, ஒரு சாண் அளவுக்கு மாதிரி அடித்துப் பார்த்த பிறகு முழுசாகச் சொல்லுங்கள். தூரத்து மலை நீலம் பாய்ந்து வெளிறித்தான் இருக்க வேண்டும். கடைப்பையன் அழகாக இருக்கட்டும் என்று நிறத்தை ஏற்றிவிடுவான், விடாதீர்கள்.

கேள்வி: தண்டவாளத்துக்கு அடியில் போடும் சரளை ஒரு சின்னப் பாக்கெட் 500 ரூபாய்க்கு மேல் சொல்கிறார்கள். கஞ்சமலை ஓடையில் பொடி மணல் சும்மா கிடக்கிறதே, சலித்துப் போட்டால் ஆகாதா? (இளம்பிள்ளை வாசகர்)

பதில்: வேறு ஊர்க்காரர் கேட்டிருந்தால் தாராளமாகப் போடுங்கள் என்றிருப்பேன். கஞ்சமலை இரும்புத் தாதுள்ள மலை ஆயிற்றே. அங்கிருந்து அடித்துவரும் மணலில் கறுப்பாக மின்னும் பொடி, காந்தத்தில் ஒட்டும் மேக்னடைட். ரயில் எஞ்சினுக்குள் இருக்கும் மோட்டாரிலும் காந்தம் இருக்கிறது. நானும் இந்தச் சிக்கனத்தைச் செய்து பார்த்தவன்தான். பத்து நாள் ஓடிய எஞ்சின் ஒரு மாலை உறுமிவிட்டு நின்றது. கழற்றிப் பார்த்தால் மோட்டாருக்குக் கறுப்புத் தாடி முளைத்திருந்தது.

ஓடையில் அள்ளுவதை விட்டு, கட்டடம் நடக்கும் இடத்தில் கேட்டு ஒரு கிண்ணம் எம்-சாண்ட் வாங்குங்கள். நிறமும் அதுதான் பொருந்தும், ரயில்வே ஜல்லி சாம்பல் நிறம், ஓடை மணல் பழுப்பு. அதையும் காந்தத்தின் மேல் பிளாஸ்டிக் பை சுற்றித் துழாவுங்கள். பையில் எதுவும் ஒட்டாத வரைக்கும் திரும்பத் திரும்ப. பிறகு கழுவி, காய வைத்து, சலிக்கவும். நிஜ ஜல்லி 5 சென்டிமீட்டர் என்று வைத்தால் 'என்' ஸ்கேலில் 0.3 மில்லிமீட்டர், 'எச்ஓ'வில் (நிஜத்தில் 87-இல் ஒரு பங்கு, 'என்'னைவிடப் பெரிய ஸ்கேல்) 0.6-க்குச் சற்றுக் கீழே. கண்ணுக்குப் பெரிதாகத் தெரிகிற கல் எல்லாம் தண்டவாளத்தில் பாறாங்கல்லாகிவிடும். இவ்வளவு பொறுமை இல்லையென்றால் 500 ரூபாய் அநியாய விலை இல்லை, வாங்கிவிடுங்கள்.

கேள்வி: காபி எஸ்டேட் செய்வதற்காக '12 செ.மீ. மரம், 50 எண்ணம்' என்று விளம்பரம் பார்த்து ஆன்லைனில் வாங்கினேன். வந்தது எல்லாம் 5 செ.மீ. பெட்டி திறக்கும்போது எடுத்த வீடியோ இல்லை என்று சொல்லித் திரும்ப எடுக்க மறுக்கிறார்கள். (கிச்சிப்பாளையம் வாசகர்)

பதில்: வீடியோ இருந்தால் நல்லது. இல்லாததாலேயே உங்கள் உரிமை போய்விடாது. விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்பப் பெறவோ பணத்தைத் தரவோ விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. மரத்தை ஸ்கேலோடு வைத்துப் படமெடுங்கள். விளம்பரப் பக்கத்தை அவர்கள் மாற்றுவதற்கு முன் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அந்தத் தளத்தின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் அனுப்புங்கள். 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்தது என்று பதில் வர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு வர வேண்டும். வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் சேலத்திலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். விற்பவர் வெளிநாட்டிலிருந்து நேராக அனுப்பியிருந்தால் இதெல்லாம் இழுபறிதான். இனிமேல் 'வாங்கு' பொத்தானை அமுக்கும் முன் விற்பவரின் இந்திய முகவரியையும், இறக்குமதிச் சரக்கு என்றால் எந்த நாட்டுச் சரக்கு என்பதையும் தேடுங்கள்.

மரத்துக்கு வருவோம். ஏற்காட்டு எஸ்டேட்டில் காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் 20 மீட்டர் சர்வ சாதாரணம். 'என்' ஸ்கேலில் 12.5 சென்டிமீட்டர், அந்த அளவுக்கு உங்கள் கணக்கு சரி. வந்திருக்கும் 5 சென்டிமீட்டர் மரத்துக்கு அங்கே 8 மீட்டர் உயரம்தான், கொய்யாத் தோப்புக்கு ஆகும். 'எச்ஓ'வில் வைத்தால் நாலரை மீட்டர் கூட வராது. பல கடைக்காரர்கள் '1:75 முதல் 1:200 வரை' என்று ஒரே மரத்துக்குப் போடுகிறார்களே, அந்த எண்ணைப் பார்க்கவே பார்க்காதீர்கள். உயரம் எத்தனை சென்டிமீட்டர் என்று மட்டும் கேளுங்கள்.

சில்வர் ஓக்கை வீட்டில் செய்வது சுலபம். கம்பி கட்டும் பைண்டிங் கம்பியை இரண்டாக மடித்து, நடுவில் தேங்காய் நாரைப் பரப்பி, முறுக்குங்கள். பாட்டில் கழுவும் பிரஷ் மாதிரி வரும். கத்தரியால் மேலே குறுகலாக வெட்டி, கோந்து தொட்டு, சாம்பல் பச்சைத் தூளில் புரட்டுங்கள். அடிமரத்தில் பாதி உயரம் வரை கரும்பச்சைத் தூளைத் தனியாக ஒட்டுங்கள், மிளகுக் கொடி. அந்தக் கொடி ஏறியதும்தான் மரம் ஏற்காட்டு மரமாகும்.

கேள்வி: தெர்மோகோல் மலைக்கு ஸ்பிரே பெயின்ட் அடித்தேன், பள்ளம் பள்ளமாகக் கரைந்துவிட்டது. கடைக்காரரைக் கேட்கலாமா? (அம்மாபேட்டை வாசகர்)

பதில்: எதற்கு என்று சொல்லிக் கேட்டு, அவர் இதற்கு ஆகும் என்று கொடுத்திருந்தால் கேட்கலாம். நீங்களாக எடுத்துவந்திருந்தால் அவர் என்ன செய்வார்? ஸ்பிரேயில் உள்ள கரைப்பான் தெர்மோகோலைத் தின்னும். ரப்பர் கோந்தும் அப்படியே. வெள்ளை ஃபெவிகால், தண்ணீரில் கரையும் அக்ரிலிக் பெயின்ட் இரண்டும் ஒன்றும் செய்யாது. கரைந்த மலையைத் தூக்கிப் போடாதீர்கள், பிளாஸ்டர் பூசினால் அரித்த பாறை நன்றாகவே அமையும்.

கேள்வி: ஏற்காட்டில் வீடு. போன மழைக்காலத்தில் பலகை வளைந்து, மலையில் பூசணம் பூத்துவிட்டது. என்ன பலகை வாங்குவது? (ஏற்காடு வாசகி)

பதில்: பனி உள்ளே வந்து உட்காரும் ஊருக்கு எம்ஆர் தர (ஈரத்தை ஓரளவுதான் தாங்கும்) பிளைவுட் சரிப்படாது. பலகையில் ஐஎஸ் 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள், அது மரைன் தரம். ஐஎஸ் 303 என்றால் அதற்குக் கீழே. விலை வித்தியாசம் உறுத்தும்தான், ஆனால் ரயில் தடம் புரளாது. பில்லில் தரத்தையும் எழுதச் சொல்லி வாங்குங்கள், வெறும் 'பிளைவுட்' என்று எழுதிய பில்லை வைத்து அப்புறம் பேச முடியாது. அடிப்பக்கத்துக்கும் ஓரங்களுக்கும் பெயின்ட் அடித்துவிடுங்கள்.

பூசணம் வந்தது பாசியிலிருந்தும் நாரிலிருந்தும்தான். எந்தச் செடிப் பொருளையும் நன்றாகக் காய வைக்காமல் ஒட்டாதீர்கள். பாசி எடுக்கக் காப்புக்காட்டுக்குள்ளும் போக வேண்டாம், அது குற்றம். உங்கள் தோட்டத்து மதில் சுவரே போதும்.

கேள்வி: ஸ்டாட்டிக் கிராஸை மின்விசையால் நிமிர்த்தி நிறுத்தும் கருவிக்குப் பதிலாகக் கொசு பேட்டைப் பிரித்துச் செய்யலாம் என்கிறான் என் மகன். 9-ஆம் வகுப்பு. (சூரமங்கலம் வாசகி)

பதில்: வேலை செய்யும், உண்மைதான். ஆனால் சுவிட்சை அணைத்த பிறகும் அதிலுள்ள கெபாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும், பிரிக்கும் கைக்கு நன்றாகவே அடிக்கும். சால்டரிங் தெரிந்த பெரியவர் பக்கத்தில் இருந்தால் பார்க்கலாம். இல்லையென்றால் பையனை மண் சலிக்கச் சொல்லுங்கள், அந்த வேலைக்குத்தான் ஆள் கிடைப்பதில்லை.